கரிக்கும் போர்வெல், காவி படியும் குடம்: கடலூர்க் கடலோர ஊர்களில் குடிநீர்க் கோளாறை அறிகுறி கொண்டு கண்டறியும் வழிமுறை

தேவனாம்பட்டினம் தொடங்கிப் பரங்கிப்பேட்டை, கிள்ளை வரையிலான கடலோர ஊர்களில் தண்ணீர்ப் பரிசோதனைக்குச் செல்லும்போது முதலில் கேட்கக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "தண்ணி கெட்டுப்போச்சுங்க." கரிக்கிறதா, நாறுகிறதா, கலங்குகிறதா, காவி படிகிறதா, குடித்த பிறகு வயிற்றைக் கலக்குகிறதா என்று பிரித்துக் கேட்ட பிறகே பேச்சு உருப்படியாக நகரும். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஒன்றுக்குச் செய்யும் தீர்வு இன்னொன்றுக்குக் கேடாகவும் முடியலாம். எனவே இந்த வழிமுறை நோயின் பெயரிலிருந்து தொடங்காமல், வீட்டில் இருப்பவர் கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஒரே நாள் காலையில் நான்கு இடங்களிலிருந்து தண்ணீர் பிடிக்க வேண்டும்: போர் (போர்வெல், அதாவது துளைக் கிணறு) அல்லது கிணற்றின் வாயில் நேரடியாக, மேல்நிலைத் தொட்டி அல்லது சம்பிலிருந்து (நிலத்தடித் தொட்டி) வெளியேறும் குழாயில், வீட்டுக் குழாயில், கடைசியாகச் சமையலறைக் குடத்தில். நான்கையும் ஒரே மாதிரியான நிறமற்ற கண்ணாடிப் பாட்டில்களில் பிடித்து, இடத்தின் பெயரை எழுதி ஒட்டி, வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். முகர்ந்து பார்க்க வேண்டும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். குறை முதன்முதலில் தலைகாட்டும் பாட்டில் எதுவோ அங்கேதான் பழுது இருக்கிறது. போர் வாயில் தெளிவாக இருக்கும் நீர் வீட்டுக் குழாயில் நாறினால், போரை ஆழப்படுத்துவதில் பயனில்லை. இதைச் செய்யாமல் பணம் செலவழித்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில், சவ்வு வழியாக உப்பை வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கி இரண்டு மாதம் ஓட்டிய பிறகுதான், சம்ப் மூடியின் விரிசல் வழியாக வேப்ப மரத்து வேர் உள்ளே இறங்கியிருந்ததும், மழைநாளில் வாசல் தண்ணீர் அந்த வழியே உள்ளே போய்க்கொண்டிருந்ததும் தெரியவந்தன.

தேவைப்படும் கருவிகள் சிலவே. டி.டி.எஸ். மீட்டர் ஒன்று; கிருமிக் கலப்பைக் காட்டும் எச்.டூ.எஸ். பாட்டில்கள் சில, எஞ்சிய குளோரினைப் பார்க்கும் குளோரோஸ்கோப், நைட்ரேட் பட்டை. ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட களப் பரிசோதனைப் பெட்டி இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை அதிலேயே இருக்கும். பெட்டி அலுவலக அலமாரியில் பிரிக்கப்படாமல் இருப்பதும் உண்டு என்பதால், திரவங்களின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. உறுதியான முடிவு வேண்டுமெனில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை நாட வேண்டும்; புதுச்சேரிப் பகுதியில் குடிநீர் வழங்கல் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ளது.

டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது நீரின் மின்கடத்தலை அளந்து, கரைந்த உப்புகளின் மொத்த அளவை மதிப்பிட்டுச் சொல்கிறது; அவ்வளவே. கிருமி இருப்பதையோ, உப்பில் எவ்வளவு நைட்ரேட், எவ்வளவு ஃபுளோரைடு என்பதையோ அது அறியாது. எண் குறைவாக இருப்பதைக் காட்டி "சுத்தமான தண்ணீர்" என்று விற்பவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அறிகுறி: தண்ணீர் கரிக்கிறது

கடலோரத்தில் அதிகம் கேட்கும் முறையீடு இது. அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுவே.

இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரத்தின்படி, குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். குளோரைடுக்கு இந்த எல்லைகள் முறையே 250, 1000. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பும், அதில் 19,000 மில்லிகிராம் அளவுக்குக் குளோரைடும் உள்ளன. எனவே நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டே குடம் கடல்நீர் கலந்தாலும் குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 370 மில்லிகிராம் ஏறிவிடும்; ஐந்து குடம் கலந்தால் மேல் எல்லையை நெருங்கிவிடும். கடல் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை.

உப்பு எந்த வழியாக வருகிறது என்பதை அறிய மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதே சிறந்த சோதனை. இரவு முழுவதும் மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் ஓடவிட்டு, முதல் நிமிடம், பத்தாம் நிமிடம், அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்ற இடைவெளிகளில் போர் வாயில் டி.டி.எஸ். எடுத்து எழுத வேண்டும். எண்கள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா, அசையாமல் நிற்கின்றனவா என்பதில் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் அதிகமாக இருந்து, ஓட ஓட எண் இறங்கினால், கீழே இருக்கும் நீர் நல்லது. மேலிருந்து உவர்நீர் ஒழுகுகிறது என்று பொருள். கடலூர்ப் பகுதியின் நில அமைப்பில் இது நடக்க வாய்ப்பு அதிகம். மேலே ஆற்று வண்டலும் கடல் மணலும் களியும், அவற்றுக்குக் கீழே கடலூர் மணற்பாறை எனப்படும் அடுக்கும் உள்ளன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக ஓயாமல் இறைக்க வேண்டியிருக்கும் அளவுக்கு அழுத்தத்தோடு நிற்கும் நீரும் இந்த மணற்பாறைத் தொகுதியைச் சேர்ந்ததுதான். கடற்கரையில் பல இடங்களில் மேலடுக்கு நீர் கரிக்க, ஆழ அடுக்கின் நீர் குடிக்கும்படியாக இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு இரண்டையும் ஊடுருவிச் செல்வதால், மேலடுக்கைத் தாண்டும் வரை துளையின் உட்சுவராக நிற்கும் ஓட்டையில்லாத கேசிங் பைப் இறக்கி, பைப்புக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சிமெண்டாலோ களியாலோ அடைத்திருக்க வேண்டும். அடைக்காமல் விட்டிருந்தால், அல்லது கேசிங் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தால், இரவெல்லாம் மேல்நீர் இறங்கித் துளையில் தேங்கும். காலையில் மோட்டார் முதலில் அதைத்தான் தூக்கும். இதற்குத் தீர்வு மேலும் ஆழமாகத் துளைப்பதன்று. கேமரா இறக்கிப் பழுதான இடத்தைப் பார்த்து, உள்ளே சிறிய விட்டமுள்ள பைப் செருகி, இடைவெளியைச் சிமெண்டு கொண்டு அடைப்பதே. அதுவரை முதல் சில நிமிட நீரைத் தனியே விட்டுவிட்டுப் பிடிக்கலாம். இப்படி ஒழுகும் போரைக் கைவிடும்போது துளையை அடைக்காமல் போனால், அதன் வழியாக உவர்நீர் ஆழ அடுக்கிலும் இறங்கி, பக்கத்துப் போர்களையும் கெடுக்கும்.

முதலில் நன்றாக இருந்து, இறைக்க இறைக்க எண் ஏறினால், நல்ல நீருக்கு அடியில் கிடக்கும் உப்புநீரை மோட்டார் மேலே இழுக்கிறது. சவுக்குத் தோப்புகள் நிற்கும் மணல் மேடுகளில் உறைகிணறும் ஆழம் குறைந்த போரும் உள்ள வீடுகளில் இதைப் பார்க்கலாம். அந்த மணலுக்குள் மழைநீர் தனிக் குளம் போலக் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்றே எடை குறைந்தது. அந்தச் சிறு வேற்றுமையின் விளைவாக, நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் நிற்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆபத்து விளங்கும்: இறைத்து இறைத்து மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் நாற்பது அடி ஏறிவர வழி உண்டாகிறது. கரிக்கிறது என்று ஆழப்படுத்துபவர், விலகிப்போக வேண்டிய உப்பை நோக்கியே இறங்குகிறார். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: குறைந்த குதிரைத்திறன் கொண்ட மோட்டார், இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவதற்குப் பதில் அரை மணியாக நான்கு முறை, இயன்றால் ஒரே ஆழ போருக்குப் பதில் தள்ளித் தள்ளி அமைந்த இரண்டு மூன்று ஆழமற்ற கிணறுகள். கூரை மழைநீரை மணல் வடிகட்டி வழியாக அந்த இடத்திலேயே நிலத்துக்குள் விடுவது மிகுந்த பயன் தரும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மணல் நிலம் போல இதற்கு உகந்த இடம் வேறில்லை. ஆனால் தெருத் தண்ணீரை அதில் சேர்க்கக் கூடாது.

எண் அசையாமல் உயர்ந்தே நின்றால், அந்த நீரடுக்கே உவரானது. அப்போது பருவத்தைப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தைமாதத்தில் ஓர் அளவும், சித்திரை வைகாசியில் ஓர் அளவும் எடுத்து ஒப்பிட்டால், மழை அதைத் தொடுகிறதா என்பது தெரியும். தொடுகிறதென்றால் நிலத்தடி நீரை ஊட்டும் முயற்சிக்கு இடம் உண்டு. தொடவில்லையெனில் அந்தப் போரைக் குடிநீர்க் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஊராட்சி வழியாகக் கூட்டுக் குடிநீர்த் திட்ட இணைப்பைக் கேட்பதே முறை.

உப்பனாறு, வெள்ளாற்று முகத்துவாரம், பிச்சாவரத்துக் கழிமுகம் போன்ற இடங்களை ஒட்டிய கிணறுகளில் இன்னொரு சோதனையும் தேவை. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் கடல் ஏறும் நேரத்திலும் வற்றும் நேரத்திலும் கிணற்றின் நீர்மட்டத்தையும் உப்பையும் குறிக்க வேண்டும். இரண்டும் ஓதத்தோடு சேர்ந்து அசைந்தால் ஓடை வழியாக உப்பு வருகிறது. ஏற்றவற்றத்தின் நேரத்தை மீனவர்களிடம் கேட்டால் போதும். அட்டவணை தேட வேண்டியதில்லை. அருகில் இறால் பண்ணை இருந்தால், குட்டை நிரப்பிய தேதியையும் கிணறு கரிக்கத் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் இறால் பண்ணைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், பின்னர் 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் இத்தகைய பண்ணைகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துள்ளன. முறையிடும்போது அந்தத் தேதிக் குறிப்புக்குத்தான் மதிப்பு.

புயலின்போதோ ஆழிப்பேரலையின்போதோ கடல்நீர் நேரே கிணற்றுக்குள் புகுந்திருந்தால் நிலைமை வேறு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கடற்கரையில் கற்ற பாடம் இது. கிணற்றிலுள்ள நீரையும் சேற்றையும் ஒருமுறை வெளியேற்றலாம். அதன் பிறகும் கரிக்கிறதே என்று நாள்தோறும் இறைத்துக்கொட்டினால், அடியிலிருக்கும் உப்பும் சேர்ந்து மேலே வரும். இறைத்த நீரைப் பக்கத்திலேயே ஊற்றினால் அதே உப்பு மீண்டும் உள்ளே இறங்கும். மழைதான் அதைக் கழுவ வேண்டும். அதுவரை லாரித் தண்ணீரோ வேறு ஆதாரமோ தேடிக்கொள்ள வேண்டும்.

கொதிக்க வைத்தால் உப்புப் போகாது. நீர் சுண்டுவதால் சற்றுக் கூடவே செய்யும். மண்பானை, மணல் வடிகட்டி, கேண்டில் எனப்படும் பீங்கான் வடிகட்டி எதுவும் உப்பை எடுக்காது. வீட்டளவில் நடைமுறையில் எடுக்கக்கூடியது ஆர்.ஓ.தான். அதன் கோளாறுகளைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அறிகுறி: பிடிக்கும்போது தெளிவு, வைத்தால் காவி

அடிபம்பில் பளிங்கு போல வரும் நீர், குடத்தில் சில மணி நேரம் நின்றதும் மஞ்சளாகிக் காவி படிந்தால் அது இரும்பு. நிலத்துக்குள் காற்றுப் படாமல் கரைந்திருக்கும் இரும்பு, வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. வேட்டியில் மஞ்சள் கறை விழும். பாலில்லாத தேயிலைச் சாறு வழக்கத்தைவிடக் கறுக்கும். ஒரு சிட்டிகைக் கடுக்காய்த் தூளைப் போட்டாலும் நீலக் கறுப்பு நிறம் எழும், ஏனெனில் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம்தான். தரம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1 மில்லிகிராம்.

பிடிக்கும்போதே காவியாக வந்தால் கேள்வி மாறுகிறது. நான்கு பாட்டில்களில் போர் வாய்ப் பாட்டில் மறுநாளும் தெளிவாக இருந்து, வீட்டுக் குழாய்ப் பாட்டில் மட்டும் காவியாக இருந்தால், நிலத்தில் இரும்பு இல்லை. பழைய இரும்புக் குழாயே அரிக்கிறது. கரிக்கும் நீர் இரும்பை வேகமாக அரிக்கும் என்பதால், கடலோரத்தில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜி.ஐ. பைப்பும் அடிபம்பின் உட்குழாயும் சில ஆண்டுகளிலேயே இந்த நிலையை அடைகின்றன. பைப்பை மாற்றுவதே தீர்வு.

நிலத்திலிருந்து வரும் இரும்புக்குத் தீர்வு எளிது, செலவும் குறைவு. உயரத்திலிருந்து பூவாளி போல நீரைத் தெளித்து விழச் செய்தால் காற்றுப் படும். ஓர் இரவு நிற்க விட்டால் துரு அடியில் படியும். மேல்நீரை மணல் வழியாக வடித்தால் போதும். மணலை வாரந்தோறும் கழுவ வேண்டும்.

கிணற்றின் மேல் எண்ணெய் போன்ற படலம் மின்னினால் பதறாமல் ஒரு குச்சியால் அதைக் கிழித்துப் பாருங்கள். ஓடு உடைவது போலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் இரும்பில் வளரும் நுண்ணுயிர்ப் படலம்; பிரிந்து மீண்டும் ஒன்றுகூடினால் உண்மையான எண்ணெய். முன்னதற்குப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் குறையும். பின்னது கீழே மருந்து வாடை, பெயிண்ட் வாடை பற்றிய பகுதிக்கு உரியது.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம்

சதுப்பும் அலையாத்திக் காடும் உள்ள பகுதிகளில், இலைதழை மக்கிய கறுப்புக் களிக்கு நடுவே நிற்கும் நீரில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள், கடல்நீரில் மிகுந்துள்ள சல்பேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. நாற்றம் மோட்டார் போட்ட முதல் சில நிமிடங்களில் மட்டும் இருந்து மறைந்தால், துளையில் தேங்கிய நீரின் குற்றம்; கம்ப்ரசர் போட்டுக் கழுவி, பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஓர் இரவு வைத்துவிட்டு வெளியேற்றினால் சரியாகும். மணிக்கணக்கில் ஓடியும் போகாவிட்டால் நீரடுக்கின் குணம் அது. திறந்த தொட்டியில் தெளித்து விழவிட்டால் பெரும்பகுதி வாயு பறந்துவிடும். ஆர்.ஓ. இந்த வாயுவைத் தடுக்காது.

போர் வாயில் நாற்றமில்லாமல் குளியலறைக் குழாயில் மட்டும் இருந்தால், தொட்டியின் அடிச்சேற்றையோ, சாக்கடை வாயையோ பார்க்க வேண்டும்.

இந்த நாற்றம் உள்ள கிணற்றுக்குள்ளோ மூடிக்கிடந்த சம்புக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது. வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது; அடுத்த சில நொடிகளில் ஆள் விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். விளக்கை இறக்கிப் பார்ப்பது காற்று போதுமா என்பதை மட்டும் காட்டும். இந்த நச்சைக் காட்டாது. தூர்வாருவதானால் அதற்குரிய காற்றூதியும் கயிறும் வெளியே ஆளும் வைத்திருக்கும் பணியாளர்களைக் கொண்டே செய்ய வேண்டும்.

அறிகுறி: மழைக்குப் பிறகு கலங்கல், வயிற்றுப்போக்கு

உயிரை எடுக்கக்கூடிய அறிகுறி இதுதான். உப்புக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும், சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் கடலூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தது போன்ற சமயங்களில், கழிவறைக் குழியும் கிணறும் ஒரே நீர்ப்பரப்புக்குக் கீழே கிடந்துவிடுகின்றன. வீட்டில் இருவருக்கு மேல் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு வந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே குடிநீரைக் கொதிக்க வைக்கத் தொடங்க வேண்டும். குமிழிகள் புரண்டு ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகளுக்குப் போதும். நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒரே தெருவில் பலருக்கு வந்தால் அங்கே தகவலும் சொல்ல வேண்டும்.

எச்.டூ.எஸ். பாட்டிலில் கோடு வரை நீர் நிரப்பி, அறை வெப்பத்தில் ஒன்று முதல் இரண்டு நாள் வைத்தால், கறுப்பது கிருமிக் கலப்புக்கு அடையாளம். ஒரு நுணுக்கம்: முட்டை நாற்றமுள்ள நீரை ஊற்றினால் பாட்டில் உடனே கறுக்கும். அது கிருமியால் அன்று, நீரிலுள்ள சல்ஃபைடால். அத்தகைய நீருக்கு ஆய்வகச் சோதனையே சரி. குடிநீர் 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரத்தின் விதி.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவதில் கைப்பிடிக் கணக்கு உதவாது. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, வரும் எண்ணை 0.785-ஆல் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். விட்டம் 2 மீட்டர், நீர் 3 மீட்டர் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் இருக்கும். அன்றாடக் குளோரின் ஏற்றத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்ற கணக்கில் இதற்கு 24 கிராம் போதும். பவுடரை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கிணற்றில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், ஊரின் கடைசித் தெருக்குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றைத் தூர்வாரி ஒருமுறை கழுவ வேண்டுமானால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். அதே கிணற்றுக்கு, 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடராக ஏறத்தாழ 1.9 கிலோ. இதைப் பன்னிரண்டு மணி நேரம் வைத்து, வாடை போகும் வரை இறைத்து வெளியேற்றிய பிறகே குடிக்கப் பயன்படுத்தலாம்.

குளோரின் போட்டும் எஞ்சவில்லை என்று வந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். முதலாவது, பவுடர் பழையது. புதிதாக 33 சதவீதம் வரை இருக்கும் குளோரின், கடற்காற்றின் ஈரத்தில் திறந்து கிடந்தால் விரைவில் குறைந்துபோகும். இரண்டாவது, கலங்கல், இரும்பு, சல்ஃபைடு ஆகியவை குளோரினைத் தின்றுவிடுகின்றன. எனவே முதலில் தெளியவைத்துப் பிறகு போட வேண்டும். மூன்றாவது, கழிவுநீர் தொடர்ந்து ஊறிக்கொண்டே இருக்கிறது. மாறாக, குளோரினே போடாத நீர் குளோரோஸ்கோப்பில் குளோரின் இருப்பது போல மஞ்சளித்தால், துருவாகிய இரும்போ மாங்கனீசோ அந்தத் திரவத்தை ஏமாற்றுகிறது. ஆதலால் குளோரின் போடுவதற்கு முன்னும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் இடையே 15 மீட்டராவது வேண்டும் என்பது பொதுவான விதி. நெருக்கமான மீனவர் குடியிருப்புகளில் அதற்கு இடம் இருக்காது என்பது தெரிந்ததே. அப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக் கிணற்றைத் துவைக்கவும் கழுவவும் மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்கத் தெருக்குழாய் நீரைக் குளோரின் பார்த்துப் பிடிப்பதே பாதுகாப்பு.

அறிகுறி: பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை

இது கடினத்தன்மை, அதாவது நீரில் சுண்ணாம்பு, மெக்னீசிய உப்புகள் மிகுந்திருப்பது. தரம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 200 மில்லிகிராம், மாற்று ஆதாரம் இல்லாதபோது 600. உடலுக்கு உடனடித் தீங்கு இல்லை. குக்கருக்கும் ஹீட்டருக்கும்தான் தீங்கு. கொதிக்க வைத்து வெள்ளைப் படிவை வடித்தால் ஒரு பகுதி குறையும். பருப்பை மழைநீரில் வேகவைத்துப் பார்த்தால் குற்றம் பருப்புடையதா நீருடையதா என்பது அன்றே தெரிந்துவிடும்.

அறிகுறி: ஆர்.ஓ. வைத்த பிறகும் கரிக்கிறது, அல்லது வயிறு சரியில்லை

உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டின் டி.டி.எஸ்.-ஐயும் வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். வெளிவரும் நீரின் எண் மெல்ல மெல்ல ஏறினால் சவ்வு தேய்கிறது. ஒரே நாளில் ஏறினால் சவ்வின் வளையம் நழுவியிருக்கிறது, அல்லது வடித்த நீரில் வடிக்காத நீரைச் சிறிது கலக்கும் கலவைத் திருகு அதிகம் திறந்திருக்கிறது. எண் நன்றாக இருந்தும் வயிறு சரியில்லையெனில் இயந்திரத்தின் சேமிப்புத் தொட்டியையும் குடத்தையும் சந்தேகிக்க வேண்டும். ஆர்.ஓ. நீரில் குளோரின் எஞ்சுவதில்லை. ஆகவே அழுக்குக் கை ஒன்று பட்டாலும் கிருமி வளர்வதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. இருபது லிட்டர் கேனுக்கும் இது பொருந்தும்.

வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு நீரை வெளியேற்றுகிறது, அதில் உப்பு செறிந்திருக்கிறது. அதைக் கிணற்றடி வாழைக்குப் பாய்ச்சுபவர், எடுத்த உப்பை வந்த வழியே திருப்பி அனுப்புகிறார். பாத்திரம் கழுவ, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: மருந்து வாடை, பெயிண்ட் வாடை, திடீர் நிறமாற்றம்

இதற்கு வீட்டுச் சோதனையும் இல்லை, வீட்டுத் தீர்வும் இல்லை. தொழிற்பேட்டை, பட்டறை, பெட்ரோல் நிலையம், பூச்சிமருந்து தெளிக்கும் வயல் ஆகியவற்றின் அருகே இந்த அறிகுறி தோன்றினால், அந்த நீரைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் உடனே நிறுத்த வேண்டும். கொதிக்க வைக்கவும் கூடாது. ஆவியாகும் பொருள் சமையலறைக் காற்றில் கலக்கும். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் காற்று இடைவெளி விடாமல் நிரப்பி, மூடி, குளிரில் வைத்து, தேதி, நேரம், இடம் எழுதி, ஊராட்சி வழியாகவும் நேராகவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். வாய்மொழி முறையீடு ஆய்வுக்கு ஆளை வரவழைக்காது.

அறிகுறி எதுவும் இல்லை

மணல்மேட்டுக் கிணறு ஒன்றில் தண்ணீர் குடித்துவிட்டு, "ஆத்தா, தண்ணி இளநி மாதிரி இருக்கே" என்றேன். "எங்க ஊருக்கே இதுதாம்பா நல்ல தண்ணி" என்றார் அந்த மூதாட்டி. டி.டி.எஸ். 400-க்குக் கீழே இருந்தது. நைட்ரேட் பட்டையை நனைத்தபோது அது, நைட்ரேட் மிகுதியைக் காட்டும் அடர் சிவப்புக்குப் போனது.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. உரம், மாட்டுத் தொழுவம், கழிவறைக் குழி மூன்றிலிருந்தும் அது மணல் வழியாக எளிதில் இறங்குகிறது. எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். மற்ற சிலவற்றுக்கு உள்ளது போல இதற்குத் தளர்வு கிடையாது. பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து. இந்த நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறன் குறைந்து, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் செறியும், குளோரின் அதைத் தொடாது, ஆர்.ஓ. குறைக்கும்.

ஃபுளோரைடும் இப்படியே சத்தமில்லாதது. எல்லை 1 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 1.5. குழந்தைகளின் நிலைத்த பற்களில் வெள்ளைக் கோடும் பழுப்புக் கறையும் ஒரே தெருவில் பலருக்குத் தெரிந்தால் அதற்கென்று ஆய்வு கேட்க வேண்டும்.

மூதாட்டியின் வீட்டில் மருமகள் நிறைமாதமாக இருந்தார். கிணற்றிலிருந்து பத்து எட்டு தள்ளி மாட்டுக் கொட்டகையும், அதன் பின்னால் எருக்குழியும் இருந்தன. எருக்குழியைக் கிழக்கு ஓரத்துக்கு மாற்றும்படியும், பிள்ளை பிறந்து ஓராண்டு வரை குழந்தைக்குக் கொடுக்கும் நீரை ஆழ்துளைக் கிணற்றுத் தெருக்குழாயிலிருந்து எடுத்துக் கொதிக்க வைக்கும்படியும் சொன்னேன். அந்தத் தெருக்குழாய் நீரையும் அன்றே பட்டையில் பார்த்தோம். வெள்ளையாகவே நின்றது, ஆனால் சற்றுக் கரித்தது. அதை அந்த வீட்டார் ஏற்றுக்கொள்ளத்தான் அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. தைமாதத்தில் இரண்டையும் மறுபடி பார்ப்பதாக ஏற்பாடு.